எதிர்மலை உயரமாகத்தான் தெரியும்

சிறப்பு விருந்தினர் மேடையில் குடித்த தண்ணீர் என் அம்மாவின் இடுப்பில் ஏறி வந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால், உனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பார்கள். அப்படிக் கேட்கிறவர்கள் மேலும் எனக்குக் கோபம் வரும்.

இரண்டாயிரத்து ஆறு. குறிஞ்சி பூத்த வருடம். சுதந்திர தினத்துக்கு எங்கள் காலனி ஆரம்பப் பள்ளியின் முன்னால் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு ஜமுக்காளம் விரித்து மேடை கட்டியிருந்தார்கள். பெருமாள்மலையிலிருந்து உள்ளே இறங்கும் கிளைப்பாதையில், ஒரு மலைமுதுகின் மேல் இருக்கிறது எங்கள் காலனி. சிலோனில் தேயிலை பறித்து, ஒப்பந்தம் போட்டுத் திருப்பி அனுப்பப்பட்டு, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் இந்த மலையில் கொண்டுவந்து விடப்பட்ட குடும்பங்கள். வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். சர்க்காரின் தாளில் அது குடியிருப்பு. எங்கள் வாயில் இன்றைக்கும் லயம்தான்.

விருந்தினர் எங்களுக்கு நேர் எதிர்ச் சரிவின் தோட்டக்காரர். பழனி அடிவாரத்தில் கடைகள், ஆயக்குடியில் கொய்யாத் தோப்பு, இங்கே மலைமேல் பேரிக்காயும் காப்பியும். காலனிப் பெண்களில் பாதிப் பேர் அவரிடம்தான் கூலிக்குப் போனார்கள். அதனால் கைதட்டல் பலமாக இருந்தது.

"நம்ம முன்னோருக்குத் தெரியாத சயின்ஸே கெடையாது!" என்று மைக்கைப் பிடித்தார். "வெள்ளக்காரன் காட்டுல திரிஞ்சப்பவே நாம நட்சத்திரத்த அளந்துட்டோம். ஆகாயத்துல பறந்துட்டோம். மலை மேல தண்ணிய ஏத்துனோம்யா, மலை மேல! மோட்டாரா இருந்துச்சு அப்ப? எல்லாம் அறிவு. மூளை."

பிறகு டம்ளரை எடுத்து மடக் மடக்கென்று குடித்தார்.

அந்தத் தண்ணீருக்காக அம்மா வெள்ளனே எழுந்து பள்ளத்துக்கு இறங்கியிருந்தாள். எங்கள் மலைக்கும் அவர் மலைக்கும் நடுவில் இருக்கிறது அந்தப் பள்ளம். அடியில் ஓர் ஓடை. காலனிக்கே அதுதான் தண்ணீர். இறங்கும்போது வெறுங்குடம், ஏறும்போது நிறைகுடம். மழை பெய்தால் செம்மண் பாதை சோப்புக் கட்டி மாதிரி வழுக்கும். முந்தின வருடம் அந்த ஏற்றத்தில்தான் அம்மா விழுந்து இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். சரியாகச் சேராமல் கை கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திரும்பியே நின்றுவிட்டது. அன்றிலிருந்து குடத்தை வலது இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். பஞ்சாயத்தில் முன்பு ஓடைக்கரையில் ஒரு மோட்டார் வைத்தார்கள். முதல் மழையிலேயே புகைந்து போனது. மேலே கட்டிய தொட்டியின் தூணில் பையன்கள் கரியால் ஸ்டம்ப் வரைந்து கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

நான் அந்த வருடம்தான் பி.எஸ்சி. இயற்பியல் முடித்திருந்தேன். லயத்திலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண். கல்லூரியில் கடைசி வருடத்துக்கு ஏதாவது ஒரு தலைப்பில் கட்டுரை எழுத வேண்டும். எல்லோரும் லேசர், செயற்கைக்கோள் என்று எடுத்தபோது நான் பழங்காலத்து நீர் வேலைகளை எடுத்தேன். அது ஒரு வெறியாகவே பிடித்துக்கொண்டது. பாரசீகத்தில் மலைக்கடியில் சுரங்கம் தோண்டித் தண்ணீர் கொண்டு வந்ததும், இலங்கையில் பெரிய ஏரிகளின் அழுத்தத்தை அடக்க மதகுக்குள் கல்கிணறு கட்டியதும், குன்றின் மேல் இருந்த ஒரு கிரேக்க ஊருக்கு எதிர்மலையிலிருந்து குழாயைப் பள்ளத்தில் இறக்கி மறுபடி மேலே ஏற்றியதும் படிக்கப் படிக்கத் தூக்கம் போனது. கடைசியாகச் சொன்னதுதான் என்னைப் பைத்தியம் ஆக்கியது. பம்ப் கிடையாது, மாடு கட்டி இறைக்கவில்லை. ஊற்று ஊரைவிடக் கொஞ்சம் உயரத்தில் இருந்தால் போதும். நடுவில் எவ்வளவு பெரிய பள்ளம் இருந்தாலும் மூடிய குழாயில் தண்ணீர் இறங்கி, மறுபக்கம் தானே ஏறிவிடும். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய வேலை.

எங்களுக்கு எதிரே ஒரு மலை. அதில் ஓர் ஊற்று. அது தோட்டக்காரரின் வேலிக்கு மேலே புறம்போக்கில் கசிந்து, வாய்க்கால் வழியாக அவர் தொட்டியில் விழுந்து, தொட்டி நிறைந்ததும் வழிந்து, வீணாகப் பள்ளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. மீதியை நான் சொல்லவேண்டியதில்லை.

கூட்டம் முடிந்து டீ கொடுத்தபோது நேராக அவரிடம் போனேன்.

"அய்யா, உங்க தொட்டியில வழிஞ்சு போற தண்ணிய ஹோஸ் போட்டு எங்க பக்கம் எடுத்துக்கலாமா?"

"எடுத்துக்கிட்டு?"

"பள்ளத்துல எறக்கி இந்தப் பக்கம் ஏத்திரலாம். தானா ஏறும்."

அவர் பக்கத்திலிருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டீங்களாய்யா? தண்ணி தானா மேடேறுமாம். பாப்பா, என்ன படிச்சிருக்க?"

"பிசிக்ஸ்."

"அதான். உங்க லயம் என் ஊத்தவிட ஒசரத்துல கெடக்கும்மா. அங்கருந்து தண்ணி இங்க ஏறணும்னா ஆஞ்சநேயர்தான் தூக்கிட்டு வரணும்."

அரைமணி நேரத்துக்கு முன்னால் மலைமேல் தண்ணீரை ஏற்றிய முன்னோர் எங்கே போனார்கள் என்று கேட்க நாக்கு துடித்தது. அம்மா பின்னாலிருந்து என் தாவணியைப் பிடித்து இழுத்தாள். நான் விடவில்லை. "ஏறுச்சுன்னா?"

"ஏறுச்சுன்னா தாராளமா எடுத்துக்கங்க. வழியிற தண்ணிதான, எனக்கென்ன நட்டம்? அம்புட்டுப் பேரு முன்னாடியும் சொல்றேன்." மறுபடி எல்லோரும் கைதட்டினார்கள்.

தீர்ப்புச் சொல்ல அவரே தனக்குத் தெரிந்த ஓர் என்ஜினியரை அழைத்து வந்தார். தொப்பி, கூலிங்கிளாஸ். அவர் ஊற்றுப் பக்கம் நின்று எங்கள் காலனியைப் பார்த்தார். கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்திப் பார்த்தார். "லயந்தான் ஒசரம். சந்தேகமே இல்ல. மோட்டார் இல்லாம முடியாது" என்றார். கிளம்பிவிட்டார்.

பொய் சொல்கிறான் என்று கத்தினேன். எங்கள் வாசலில் நின்று பார்த்தால் ஊற்றுதான் உயரம். பச்சைக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். லயம் முழுவதையும் கேட்டேன். எல்லோரும் ஊற்றுதான் உயரம் என்றார்கள். என் மாமன் மகன் பெருமாள்மலைக்கும் காலனிக்கும் ஜீப் ஓட்டுகிறவன். எதையும் கேலி செய்யாமல் பேசத் தெரியாது. "விஞ்ஞானி, அங்க போயி நின்னு பாரு ஒரு தடவ. அப்புறம் கத்து" என்றான்.

போனேன். பள்ளத்தில் இறங்கி எதிர்ச் சரிவில் ஏறி, ஊற்றடியில் நின்று மூச்சு வாங்கித் திரும்பிப் பார்த்தேன். எங்கள் காலனிதான் உயரமாகத் தெரிந்தது. சாம்பல் நிற ஓடுகள், கொடியில் காயும் துணி, எல்லாம் என் தலைக்கு மேலே.

இறங்கி ஓடினேன். மறுபடி எங்கள் வாசலிலிருந்து பார்த்தேன். ஊற்றுதான் உயரம்.

அன்று சாயங்காலம் முழுக்க வாசற்படியில் உட்கார்ந்து யோசித்தேன். மலையில் பிறந்து வளர்ந்தவள், இதை ஒருநாளும் கவனித்ததில்லை. சரிவின் விளிம்பில் நின்று பள்ளத்தைத் தாண்டிப் பார்க்கும்போது கண் தன்னை அறியாமல் கொஞ்சம் கீழே சாய்கிறது. அந்தச் சாய்வையே நேர்மட்டம் என்று எடுத்துக்கொள்கிறது. அதனால் நமக்குச் சமமாக இருப்பதும் உயரமாகத் தெரியும். எதிர்மலை எப்போதும் உயரமாகத்தான் தெரியும். அவர்களுக்கு நாங்கள், எங்களுக்கு அவர்கள். சமவெளிக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. இரண்டு மலைக்காரர்கள் தங்கள் கண்ணை நம்பிச் சத்தியம் செய்தால் இரண்டு சத்தியமும் பொய்யாகப் போக வாய்ப்பு உண்டு.

கண்ணை நம்பாதே, தண்ணீரைக் கேள். பழைய காலத்துக்காரர்கள் கண்டுபிடித்த பெரிய விஷயம் என்னைப் பொறுத்தவரை இதுதான். நீளமான பலகையில் பள்ளம் தோண்டி, அதில் தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தை வைத்துப் பார்வைக்கோடு பிடித்தார்கள். நட்சத்திரத்தை அளந்தது ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு தொட்டித் தண்ணீர் ஒருவருக்காகவும் சாயாது என்று நம்பினார்களே, அது எனக்குப் போதும்.

கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் கண்ணாடி மாதிரி தெரியும் டியூபைப் பெருமாள்மலை ஹார்டுவேர் கடையில் வாங்கினேன். ஒரு பலகையில் அதை ப வடிவில் வளைத்து ஆணியடித்தேன். துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைத் தண்ணீரில் கலந்து பாதிக்கு ஊற்றினேன். டியூபின் இரண்டு கைகளிலும் நீலம் ஒரே மட்டத்தில் நின்றது. அந்த இரண்டு நீலத்தையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால் எதிர்மலையில் கோடு எங்கே போய் முட்டுகிறதோ, அதுதான் நம் உயரம். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று எழுதுவது சுலபம். மாமன் மகன் ஊற்றில் சிவப்புத் துண்டோடு நின்றான். நான் இங்கே பலகைக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். மூடுபனி வந்து பள்ளத்தை நிரப்பியது. விலகியது. நான் கண்ணை வைப்பதற்குள் மறுபடி மூடியது. அந்தப் பக்கத்திலிருந்து அவன் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"ஏ புள்ள! பாத்துட்டியா இல்லியா? அட்டை கடிக்குதுடி!"

"அசையாம நில்லு!"

"முன்னோருக்கெல்லாம் அட்டை கடிக்கலையாக்கும்?"

பனி ஒரு வாய் திறந்தது. இரண்டு நீலத்தையும் ஒன்றாக்கினேன். கோடு போய் முட்டியது ஒரு பேரிமரத்தின் அடியில். சிவப்புத் துண்டு அதற்கு மேலே, ஏறக்குறைய இரண்டாள் உயரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. பலகையை அங்கே தூக்கிப் போய்த் திருப்பி ஒருமுறை பார்த்தேன். அங்கிருந்து கோடு எங்கள் கூரைகளுக்கு மேலே காற்றில் போனது. ஊற்றுதான் உயரம். கொஞ்சம்தான், ஆனாலும் உயரம்.

என்ஜினியரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பலகையைக் கையில் வாங்கவே இல்லை. "ஸ்கூல் எக்ஸிபிஷன்ல வைம்மா, பிரைஸ் குடுப்பாங்க" என்றார்.

அந்த ஆத்திரத்தில்தான் வேலை வேகமாக நடந்தது என்று நினைக்கிறேன். லயத்தில் ஆளாளுக்குத் தோட்ட வேலைக்கு வைத்திருந்த பழைய கறுப்பு ஹோஸ்களைக் கொண்டுவந்து போட்டார்கள். ஒன்று தடி, ஒன்று ஒல்லி, ஒன்று எலி கடித்தது. துண்டுகளைச் சேர்த்து, சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றிக் கட்டினோம். பெண்கள் வேலை முடிந்து வந்து, காப்பிச் செடிகளுக்கு நடுவில் ஹோஸைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டு இறங்கினார்கள்.

"பாம்புக்குக் கல்யாணமாடி?" என்றாள் ஒரு சித்தி.

"மாப்ள எந்தப் பக்கம்?"

"தோட்டத்துப் பக்கம். பொண்ணுதான் லயத்துப் பக்கம். வரதட்சணையா தண்ணி கேட்டிருக்கோம்."

முதல் தடவை திறந்தபோது பள்ளத்தின் அடியில் மூட்டு பிய்த்துக்கொண்டது. தண்ணீர் தென்னை உயரத்துக்குப் பீய்ச்சி எல்லோரையும் குளிப்பாட்டியது. மறுபடி கட்டினோம். மறுபடி பிய்ந்தது. மேலே இருக்கும் தண்ணீரின் பாரம் முழுவதும் அடியில்தான் உட்காருகிறது என்று புத்தகத்தில் படித்ததுதான், ஆனாலும் அந்தப் பாரம் ஹோஸை உதைத்துத் தள்ளுவதைக் கையால் தொட்டபோதுதான் அது புரிந்தது. பழைய ஆட்களுக்கும் இதே தலைவலி இருந்திருக்கிறது. அவர்கள் அடிவளைவைக் கல் வைத்து அழுத்தினார்கள். முதல் தடவை தண்ணீரை மெதுவாகத் திறந்தார்கள். அதோடு கொஞ்சம் சாம்பலையும் கலந்து விட்டார்கள். கசிகிற இடுக்கில் எல்லாம் சாம்பல் போய் அடைத்துக்கொள்ளும்.

அம்மாவிடம் சாம்பல் வேண்டும் என்றேன்.

"எதுக்கு? குழாய்க்குப் பல்லு வெளக்கவா?"

ஆனால் ஒரு முறம் சாம்பலைச் சலித்து எடுத்துக்கொண்டு அவளே வந்தாள். பின்னாலேயே மற்றப் பெண்களும் வந்தார்கள். நான் அடிவளைவில் கல் அடுக்க இடம் தேடி உண்ணிச்செடியை விலக்கினேன். ஒரு கல்லைப் புரட்டினேன். கீழே சிமெண்ட் தெரிந்தது.

சிமெண்ட் பாளத்துக்குள் பதித்த இரும்புக் குழாய். கை கொள்ளாத பருமன். மேலே வர்ணம்கூட மங்கவில்லை. மண்ணைக் கையால் வழித்துப் பார்த்துக்கொண்டே போனேன். தோட்டக்காரரின் தொட்டியிலிருந்து இறங்கி, பள்ளத்தைக் கடந்து, மோட்டார் எதுவும் இல்லாமல் எங்கள் மலையில் ஏறிப் போயிருந்தது. காலனிக்கு இல்லை. காலனியைத் தாண்டி, சவுக்கு மரங்களுக்குப் பின்னால், குறிஞ்சி சீசனுக்காக அவர் புதிதாகக் கட்டியிருந்த விருந்தினர் பங்களாக்களுக்கு. அவற்றுக்குப் பாதை வேறு பக்கம். கட்டியதும் கீழிருந்து கூட்டி வந்த ஆட்கள். டேங்கர் லாரியில் தண்ணீர் அடிக்கிறார்கள் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அந்தப் பங்களாக்கள் எங்கள் வீடுகளைவிடக் கொஞ்சம் உயரத்தில் இருந்தன.

குழாயைத் தொட்டேன். சில்லென்று வியர்த்திருந்தது. உள்ளே தண்ணீர் ஓடும் அதிர்வு விரலில் தெரிந்தது.

எனக்கு அழுகை வந்தது. வெட்கமாகவும் இருந்தது. அவருக்குத் தெரியாது, எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார் என்றுதான் நான் பலகையும் டியூபும் நீலமுமாகத் திரிந்தேன். ஒரு மனிதர் அறியாமல் சொன்னார் என்றால் அவருக்குச் சொல்லித்தரலாம். இவருக்கு நான் என்ன சொல்லித்தருவது? தண்ணீர் மேடேறாது என்று சிரித்தவரின் தண்ணீர் மேடேறி, யாரோ ஒரு டூரிஸ்ட்டின் தலையில் வெந்நீராக விழுந்துகொண்டிருந்தது. கட்டைவிரலை உயர்த்திப் பார்த்தாரே அந்த என்ஜினியர், இந்தக் குழாயைப் போட்டதும் அவர்தான் என்று பின்னால் மாமன் மகன் விசாரித்து வந்து சொன்னான்.

அம்மா அந்த இரும்புக் குழாயின் மேல் உட்கார்ந்தாள். திரும்பிய கையை அதன்மேல் வைத்தாள்.

"ஓடுது," என்றாள். பிறகு, "சிலோன்ல தொரை பங்களாவுக்குத் தனி பீலி இருந்துச்சு. லயத்துக்கு வேற பீலி இருந்துச்சு. அவன் வெள்ளக்காரன். அவன்கூட லயத்துக்கு ஒரு பீலி விட்டான்." எழுந்து சேலையை உதறினாள். "சாம்பலக் கொண்டாங்கடி."

பீலி என்றால் தோட்ட லயங்களில் ஊற்றுத் தண்ணீர் வந்து விழும் குழாய்வாய். பெண்கள் குளிப்பதும் துவைப்பதும் சண்டை போடுவதும் அதனடியில்தான். இந்த மலைக்கு வந்து இத்தனை வருடத்தில் அம்மா வாயில் அந்தச் சொல்லை அதிகம் கேட்டதில்லை. வைத்துச் சொல்ல ஒரு பொருள் இங்கே இருக்கவில்லை.

மேலே ஒருத்தி தண்ணீரைத் துளித்துளியாகத் திறந்தாள். பிடிப்பிடியாகச் சாம்பல் போட்டாள். அடிவளைவில் நாங்கள் கல்லை அடுக்கி அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தோம். ஹோஸ் மூட்டுகள் அழுதன. பிறகு விசும்பின. பிறகு அடங்கின. பள்ளிக்கூடத்து ஓரத்தில் ஹோஸின் வாய் முதலில் வெறும் காற்றாக இருமியது. பிறகு கறுப்பாகக் கொஞ்சம் துப்பியது. பிறகு சாம்பல் கரைசலாக வந்தது. "கேப்பக் கூழு வருது, தட்டக் கொண்டாங்க!" என்று யாரோ கத்தினார்கள். கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து, சுண்டுவிரல் பருமனில் தெளிந்து விழுந்தது.

பெண்கள் குலவை போட்டார்கள். நானும் போட்டேன். எனக்கு வராது, ஆனாலும் போட்டேன்.

மறுநாளே தோட்டக்காரர் பார்க்க வந்தார். தண்ணீரில் கை நனைத்து நெற்றியில் தொட்டுக்கொண்டார். "பாத்தீங்களா? நான் மேடையிலயே சொன்னேன். நம்ம முன்னோர் மூளை!" என்றார்.

"உங்க பங்களாவுக்குப் போற இரும்புக் குழாயும் முன்னோர் போட்டதாய்யா?" என்றேன்.

அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. "அது வேறம்மா. அது டெக்னிக்கல். ஒனக்குச் சொன்னாப் புரியாது" என்றார்.

இயற்பியல் படித்த பெண்ணிடம். அவள் போட்ட குழாயின் பக்கத்தில் நின்றுகொண்டு.

குறிஞ்சி பார்க்க வண்டி வண்டியாக ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மலையின் நீலத்தைப் பார்த்து வாய் பிளந்துவிட்டு, அவர் பங்களாக்களில் தங்கிக் குளித்தார்கள். ஒரு காலையில் எங்கள் பீலி நின்றது. மேலே போய்ப் பார்த்தோம். ஹோஸ் வெட்டப்படவில்லை, ஒன்றும் உடையவில்லை. தொட்டி வழியவில்லை, அவ்வளவுதான். எங்கள் ஹோஸ் வழிகிற வாயில் கட்டியிருந்தது. ஊற்றுத் தண்ணீர் முழுவதையும் இரும்புக் குழாய் குடித்துக்கொண்டிருந்தது.

"வழிஞ்சா எடுத்துக்கங்கன்னுதான சொன்னேன்?" என்றார் தோட்டக்காரர். "வழியல. நான் என்ன செய்ய? இனி சீசன் முடியட்டும்."

வாக்குத் தவறாமல் கழுத்தை அறுப்பது என்றால் என்ன என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். காலனிப் பெண்கள் மறுபடி குடத்தைத் தூக்கிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினார்கள். அம்மாவும் இறங்கினாள். தண்ணீர் வந்து நின்ற பிறகு அந்த ஏற்றம் முன்னைவிட நீளமாகிவிட்டது.

அம்மா ஏறி வந்து குடத்தை இறக்கிவைத்துவிட்டு என்னைக் கேட்டாள்: "ஏன்டி, தொட்டி அவரோடது. ஊத்து யாரோடது?"

"புறம்போக்கு."

"அப்ப அவர் தொட்டியில ஏன் நாம கையேந்துறோம்?"

அதைக் கேட்டதும் எனக்கு ஒரு யோசனை வந்தது. பழைய வாய்க்கால்களில் இரண்டு ஊருக்குத் தண்ணீர் பிரிக்க ஒரு வழி இருந்தது. குறுக்கே ஒரு கல்லை வைத்து, அதில் ஒரே மட்டத்தில், ஒரே அகலத்தில் இரண்டு வாய் வெட்டுவார்கள். அதற்குமேல் யாரும் நின்று பங்கு பிரிக்க வேண்டியதில்லை. எவ்வளவு வந்தாலும் தண்ணீர் தானே பாதியாகப் பிரியும். நிறைய வந்தால் நிறையப் பாதி. கொஞ்சம் வந்தால் கொஞ்சத்தில் பாதி.

எங்களுக்குக் கல் வெட்ட ஆளில்லை. பழைய கதவுப் பலகை ஒன்று இருந்தது. அதில் இரண்டு வாய் அறுத்தோம். பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க, லயத்துப் பெண்கள் முழுவதும் வேலைக்குப் போகாமல் ஊற்றுக்கு ஏறினோம். வேலிக்குள் ஒரு கால் வைக்கவில்லை. ஹோஸைக்கூட முன்தினமே உருவி வேலிக்கு வெளியே சுற்றிப் போட்டிருந்தோம். ஊற்றுக்கண்ணுக்குக் கீழே, அவர் வாய்க்கால் தொடங்கும் முன், புறம்போக்கில் பலகையை நட்டோம். நான் நீல டியூபை வைத்து இரண்டு வாயும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பார்த்தேன். ஒரு பக்கம் மயிரிழை இறங்கியிருந்தது. அது எங்கள் பக்கம். "அப்படியே இருக்கட்டும்டி, யாரு பாக்கப் போறா?" என்றாள் சித்தி. மாட்டேன் என்று அடியில் ஒரு சில்லை வைத்துத் தூக்கினேன். எங்கள் பக்கம் ஒரு பொட்டு அதிகமாக விழுந்தால்கூட அவர் பேசுவதற்கு நாங்களே வாய் கொடுத்தது மாதிரி ஆகும்.

ஒரு வாய் அவர் வாய்க்காலுக்கு, ஒரு வாய் எங்கள் ஹோஸுக்கு. இரண்டிலும் ஒரே மாதிரி சத்தத்தோடு தண்ணீர் விழுந்தது.

அவர் வேகமாக வந்தார். என்ஜினியரும் கூட வந்தார். போலீஸைக் கூப்பிடுவேன் என்றார். நாளையிலிருந்து ஒருத்தியும் தோட்டத்துக்கு வராதே என்றார். பெண்கள் பலகையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள், யாரும் எழவில்லை. நான் டியூபை எடுத்து நீட்டினேன்.

"சரிபாதிய்யா. நீங்களே பாருங்க."

அவர் வாங்கவில்லை. என்ஜினியர் வாங்கினார். குனிந்து ஒரு கண்ணை மூடி, இரண்டு நீலத்தையும் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கூலிங்கிளாஸைக் கழற்றிவிட்டும் பார்த்தார். பிறகு டியூபை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, தோட்டக்காரர் முகத்தைப் பார்க்காமல், "மட்டம் சரியாத்தான் இருக்கு" என்றார்.

தோட்டக்காரர் பலகையைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். நாங்கள் அவருக்கு மேலே, ஊற்றுக்கண் பக்கம் உட்கார்ந்திருந்தோம்.

"எனக்கென்னமோ உங்க பக்கந்தான் கூடப் போற மாதிரி தெரியுது," என்றார்.

"உங்க கண்ணுக்கு அப்படித்தான்யா தெரியும்," என்றேன்.

அவர் போலீஸைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் புறம்போக்கை அளப்பார்கள். வேலி எங்கே இருக்க வேண்டும், எங்கே இருக்கிறது என்றும் அளப்பார்கள். அது அவருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். ஆனால் அந்தப் பெண்களை அவர் வேலைக்கு எடுக்கவில்லை. அவர்கள் வடகவுஞ்சிப் பக்கம் ஜீப்பில் தொங்கிக்கொண்டு பீன்ஸ் பறிக்கப் போகிறார்கள். அம்மாவும் போகிறாள்.

பீலியில் தண்ணீர் விழுகிறது. அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் என்னைப் பாராட்டுகிறார்கள். அந்தக் காலத்து அறிவு பார், என்ன அறிவு என்கிறார்கள். எனக்கு எரிச்சலாக வருகிறது. அறிவுக்கு இங்கே பஞ்சம் இருந்ததே இல்லை. எங்கள் மலையிலேயே, சிமெண்ட் போட்டு, மண்ணால் மூடி, அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

வாரத்துக்கு ஒருத்தி முறை வைத்து ஊற்றுக்கு ஏறிப் பலகையைப் பார்த்துவிட்டு வருகிறோம். அவர் பக்கத்து வாயை அவ்வப்போது யாரோ செதுக்கி அகலப்படுத்திவிட்டுப் போகிறார்கள். நாங்கள் ஒரு மரத்துண்டை அடித்துச் சரிசெய்கிறோம். இந்த வாரம் என் முறை. டியூபில் நீலம் வெளிறிவிட்டது, புதிதாகக் கலக்க வேண்டும்.